கோப்பில் இரண்டு தொண்டி: சிஎஸ்வி வினவல்களில் வரும் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்குதல்

பாம்பன் பக்கத்தில் மீன் கொள்முதல் செய்யும் ஒரு கூடத்தின் கணக்கை நான் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். படகு கரை வந்ததும் எடை போடும் இடத்தில் ஏட்டிலோ கைப்பேசியிலோ குறிக்கப்படும் விவரங்கள் மாலைக்குள் எக்செல் தாளில் ஏறி, அங்கிருந்து சிஎஸ்வி கோப்பாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய உரைக்கோப்பாக, என்னிடம் வந்து சேரும். நாள், படகின் பதிவெண், படகு வகை, இறங்குதளம், மீன் வகை, எடை, தொகை என்று அதில் ஏழு நெடுவரிசைகள் இருக்கும். இந்த அளவுக் கணக்குக்குத் தரவுத்தளச் சேவையகம் ஒன்றை நிறுவிப் பராமரிப்பது, நெத்திலி பிடிக்க விசைப்படகு வாங்குவது போன்றது. விஎஸ் கோடு உரைத்திருத்தியில் ரெயின்போ சிஎஸ்வி என்னும் நீட்சியைச் சேர்த்துக்கொண்டு, கோப்பைத் திறந்து எஃப்5 விசையை அழுத்தினால் வினவல், அதாவது கோப்பிடம் கேட்கும் கேள்வி, எழுதும் பலகம் வந்துவிடுகிறது, கோப்பே அட்டவணையாகிவிடுகிறது.

அந்தப் பலகத்தின் மொழிக்கு ஆர்பிக்யூஎல் என்று பெயர். அது தரவுத்தளங்களைக் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழி போலத் தோன்றும். ஆனால் செலக்ட் (எடுப்பது), வேர் (நிபந்தனை சொல்வது), ஆர்டர் பை (அடுக்குவது) போன்ற தலைச்சொற்கள் மட்டுமே எஸ்க்யூஎல்லுக்கு உரியவை. அவற்றுக்கு இடையில் நாம் எழுதும் ஒவ்வொரு கோவையும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியாகவே ஓடுகிறது. விரும்பினால் பைத்தானுக்கு மாற்றிக்கொள்ளலாம். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு இதுவே காரணம். முதல் நெடுவரிசை ஏ1, இரண்டாவது ஏ2 என்று அழைக்கப்படும் என்பதையும், ஒவ்வொரு புலமும் (வரியில் ஒரு நெடுவரிசைக்கு உரிய மதிப்பு) எண்ணாகத் தோன்றினாலும் எழுத்துச் சரமாகவே உள்ளே வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். பலகத்தில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி தரும் வினவல் யாருக்கும் நட்டம் விளைவிப்பதில்லை, ஏனெனில் அது பதிலே தருவதில்லை. ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி, நம்பத்தகுந்த ஓர் எண்ணைத் தந்துவிட்டுப் போகும் வினவல்தான் வியாபாரிக்கும் படகுக்காரருக்கும் இடையே சண்டை மூட்டுகிறது. ஆகவே சத்தமிடும் பிழைகளை முதலில் விரைவாக முடித்துவிட்டு, சத்தமில்லாதவற்றில் நிதானமாக நிற்கிறேன்.

வினவல் ஓடவே மறுக்கிறது

எஸ்க்யூஎல் பழகிய கை வேர் பகுதியில் ஒற்றைச் சமக்குறி போடும். ஆர்பிக்யூஎல் அதை மதிப்பு ஏற்றுவதாகக் கருதி, வேர் பகுதியில் அது செல்லாது, இரட்டைச் சமக்குறி இடுக என்று தெளிவாகவே சொல்லிவிடும். அண்ட், ஆர் என்று சொல்லாக எழுதினால் ஜாவாஸ்கிரிப்டுக்குப் புரியாது. இரட்டை ஆம்பர்சண்டும் இரட்டைச் செங்குத்துக் கோடும் இட வேண்டும். பைத்தானுக்கு மாற்றியிருந்தால் நிலைமை நேர்மாறு: சொற்கள் செல்லும், குறிகள் செல்லா. அத்துடன் பைத்தானில் எடையை 100 என்ற எண்ணோடு ஒப்பிட்டாலே வகை பொருந்தவில்லை என்ற பிழை வரும். ஜாவாஸ்கிரிப்ட் இதைக் கண்டும் காணாமல் மாற்றிக்கொள்கிறது. இதைப் பலர் வசதி என்கிறார்கள். பைத்தானின் கறார்தான் கணக்கெழுதுபவனுக்கு நல்லது என்பது என் எண்ணம். ஆயினும் ஜாவாஸ்கிரிப்டுக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதால் கூடத்தின் கணினியில் அதையே வைத்திருக்கிறேன்.

தொகுத்த விடையை வடிகட்டும் ஹேவிங் என்ற சொல்லும், வினவலுக்குள் வினவலும் இம்மொழியில் இல்லை. முதல் வினவலின் விடை புதிய தாவலில் திறக்கும். அந்தத் தாவலின் மீதே அடுத்த வினவலை ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதில் பொறுமை இல்லாதவர்கள் நோட்பேட் பிளஸ் பிளஸ் திருத்திக்கான சிஎஸ்வி குவெரி செருகுநிரலை நாடலாம். அது கோப்பை எஸ்க்யூலைட்டில் ஏற்றி, திஸ் என்ற பெயருள்ள அட்டவணையாகத் தருகிறது. முழுமையான எஸ்க்யூஎல் அங்கே செல்லும்.

அப்டேட் ஓடியது, ஆனால் கோப்பு மாறவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி: அங்கே அப்டேட் என்பதும் ஒருவகைச் செலக்ட்தான். திருத்திய படி புதிய தாவலில் வரும், மூலம் அப்படியே இருக்கும். இது குறையல்ல.

வரிக்கு வரி புலங்களின் எண்ணிக்கை மாறுகிறது என்ற எச்சரிக்கை

ரெயின்போ சிஎஸ்வி ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு நிறம் தருவதால், இந்தக் கோளாறைப் பெரும்பாலும் கண்ணாலேயே பிடித்துவிடலாம். எடை வர வேண்டிய நிறத்தில் மீன் பெயர் இருந்தால் அதற்கு முன்னால் எங்கோ ஒரு காற்புள்ளி கூடுதலாக நுழைந்திருக்கிறது. எங்கள் கோப்பில் அது எப்போதும் இறங்குதளத்தில்தான் நிகழ்ந்தது; மண்டபம் வடக்கு, தெற்கு என்று பிரித்துக் காட்ட நினைத்த ஒருவர் மண்டபம் என்று எழுதி, காற்புள்ளி இட்டு, வடக்கு என்று சேர்த்திருந்தார். எக்செல் வழியாக வந்திருந்தால் அந்தப் புலம் இரட்டை மேற்கோளுக்குள் பத்திரமாக இருந்திருக்கும். கைப்பேசிச் செயலி ஒன்று மேற்கோள் இடாமல் நேரடியாக எழுதிய கோப்பு என்பதால் ஏழு எட்டாகிவிட்டது. சிஎஸ்வி எழுதும் முறையை வரையறுத்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் 2005இல்தான் வந்தது. காற்புள்ளி உள்ள புலத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும், புலத்துக்குள்ளேயே இரட்டை மேற்கோள் வந்தால் அதை இரண்டு முறை எழுத வேண்டும் என்று அது சொல்கிறது. அதைப் பின்பற்றாத செயலிகள் இன்றும் உள்ளன.

ஆயிரக்கணக்கான வரிகளில் தவறிய வரிகளை மட்டும் எடுக்க, செலக்ட் என்ஆர், என்எஃப், * வேர் என்எஃப் != 7 என்று கேட்டால் போதும். என்ஆர் வரியின் எண், என்எஃப் அந்த வரியிலுள்ள புலங்களின் எண்ணிக்கை. விடையாக வரும் வரிகள் நான்கைந்தாக இருந்தால் கையால் திருத்துங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் கோப்பைத் தந்த செயலியைத் திருத்தச் சொல்லுங்கள். எச்சரிக்கைதானே என்று விட்டுவிட்டுக் கூட்டல் போடுவது மட்டும் கூடாது. இடம் பெயர்ந்த வரியில் ஏ6 எடையாக இல்லாமல் மீன் பெயராக இருக்கும். ஏ7 தொகையாக இல்லாமல் எடையாக இருக்கும். பெயரைக் கூட்டச் சொன்னால் பிழை வரும். எடையைத் தொகையென்று கூட்டச் சொன்னால் ஒன்றும் வராது, கூட்டிவிடும்.

நிறங்களே இல்லாமல் கோப்பு வெளுத்துத் தெரிந்தால், அது 20 மெகாபைட்டையோ 3 லட்சம் வரிகளையோ தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவுக்கு மேல் விஎஸ் கோடு சில வசதிகளைத் தானாக நிறுத்திக்கொள்கிறது. ஆண்டுவாரியாகக் கோப்பைப் பிரித்துக்கொள்வதே எளிய வழி.

சம் கேட்டால் எண்ணாக மாற்ற முடியவில்லை என்கிறது

பிழைச் செய்தியிலேயே அடம் பிடிக்கும் மதிப்பு மேற்கோளுக்குள் காட்டப்படும். முதலில் அதைப் படியுங்கள். அங்கே எடை என்ற சொல்லே இருந்தால், தலைப்பு வரியையும் மீன்பாடாகக் கருதிக் கூட்ட முயன்றிருக்கிறது என்று பொருள். பலகத்தில் தலைப்பு வரி உண்டு என்ற தேர்வை இடலாம். அல்லது வினவலின் கடைசியில் வித் (ஹெடர்) என்று சேர்க்கலாம். அதன்பின் நெடுவரிசையைப் பெயர் சொல்லியும் அழைக்கலாம். தமிழ்த் தலைப்பு என்றால் ஏ எழுதிச் சதுர அடைப்புக்குள் மேற்கோளிட்டு ஏ["எடை"] என்று எழுதுவதே நம்பகமானது. புள்ளி வைத்து எழுதும் வடிவம் இடைவெளியுள்ள பெயர்களுக்கும் உதவாது.

மேற்கோளுக்குள் 1,250 என்றோ 1,25,000 என்றோ இருந்தால், எக்செல்லில் எண்ணுக்குக் காற்புள்ளி அழகு செய்த பிறகு கோப்பு சேமிக்கப்பட்டிருக்கிறது. எக்செல் சிஎஸ்வி ஆக்கும்போது உள்ளே இருக்கும் மதிப்பை அல்ல, திரையில் தெரியும் வடிவத்தையே எழுதுகிறது. இதற்கு மருந்து தேடும்போது இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. முதலாவது பார்ஸ்இன்ட். பிழையை நீக்க வேண்டும் என்ற அவசரத்தில் சம்(பார்ஸ்இன்ட்(ஏ6)) என்று எழுதினால் பிழை உடனே மறைந்துவிடும்; ஆனால் பார்ஸ்இன்ட் எண்ணல்லாத முதல் எழுத்து வரை மட்டுமே படிக்கும் என்பதால் 1,250 கிலோ 1 கிலோவாகிவிடும். எஸ்க்யூலைட்டும் எழுத்துச் சரத்தை எண்ணாக்கும்போது இதையேதான் செய்கிறது. இரண்டாவது ரீப்ளேஸ். காற்புள்ளியை மேற்கோளுக்குள் கொடுத்து ரீப்ளேஸ் எழுதினால் அது முதல் காற்புள்ளியை மட்டும் நீக்கும். ஆயிரம் என்று எண்ணும் நாட்டில் சிறு தொகைகளுக்கு இது போதும்; லட்சத்துக்குத் தனிக் காற்புள்ளி இடும் நமக்கு 1,25,000 என்பது 125,000 ஆகி மீண்டும் பிழை தரும். ரீப்ளேஸ்ஆல் என்று எழுதினால் எல்லாம் நீங்கும்: சம்(ஏ7.ரீப்ளேஸ்ஆல்(",", "")).

இதே இடத்தில் ஒரு மௌனப் பிழையும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் வெற்றுப் புலத்தை எண்ணாக்கினால் பூச்சியம் கிடைக்கும். சம் கேட்பவருக்கு அதனால் நட்டமில்லை. ஏவிஜி கேட்பவருக்கு உண்டு. எடை எழுத மறந்த வரியும் எதுவும் அகப்படாமல் திரும்பிய படகின் வரியும் ஒன்றாகிச் சராசரியைக் கீழே இழுத்துவிடும். வெற்றுப் புலங்களை விலக்கும் வேர் ஏ6.டிரிம்() != "" என்ற நிபந்தனையைச் சராசரி கேட்கும் ஒவ்வொரு வினவலிலும் சேர்க்கிறேன்; எதுவும் அகப்படாத பயணத்துக்குப் பூச்சியம் என்று எழுதியே ஆக வேண்டும் என்று எடை போடும் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

மேக்ஸ் ஒன்று சொல்கிறது, ஆர்டர் பை வேறொன்று சொல்கிறது

அதிக எடை எவ்வளவு என்று மேக்ஸ் கேட்டால் 450 வருகிறது. ஆர்டர் பை ஏ6 டெஸ்க் என்று இறங்குவரிசையில் அடுக்கினால் உச்சியில் 95 நிற்கிறது. இரண்டும் ஒரே கோப்பிலிருந்துதான். சம், மேக்ஸ் போன்ற தொகுப்புச் சார்புகள் சரத்தைத் தாமாகவே எண்ணாக்கிக்கொள்கின்றன. ஆர்டர் பை அப்படிச் செய்வதில்லை. எழுத்து வரிசையில் 9 என்பது 4க்குப் பின்னால் வருவதால் 95 பெரிதாகிவிடுகிறது. ஆர்டர் பை நம்பர்(ஏ6) என்று எழுதுங்கள்.

இதன் தம்பி இன்னும் தந்திரக்காரன். வேர் ஏ6 > 100 என்றால் ஒரு பக்கம் எண் இருப்பதால் சரியாக ஒப்பிடும். கரையில் போட்ட எடையையும் கம்பெனி ஒப்புக்கொண்ட எடையையும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நெடுவரிசைகளை வைத்துக் கேட்டாலோ இரு பக்கமும் சரம் என்பதால் 95 என்பது 110ஐ விடப் பெரிதென்று விடை வரும். கூட்டினால் 95உம் 40உம் சேர்ந்து 9540 ஆகும். கழித்தால் மட்டும் சரியான விடை வந்து நம்மை இன்னும் குழப்பும். இரு நெடுவரிசைகள் சந்திக்கும் இடமெல்லாம் நம்பர் என்று போர்த்திவிடுவது கை பழக வேண்டிய காரியம்.

தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாகவோ கிறுக்கலாகவோ வருகின்றன

கேள்விக்குறிகளாக வந்தால் அந்தக் கோப்பை மறந்துவிடுங்கள். எக்செல்லில் வெறும் சிஎஸ்வி என்று சேமித்தபோதே தமிழ் அழிந்துவிட்டது. மூலத் தாளைத் திறந்து சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்ற வகையில் மறுபடி சேமிக்க வேண்டும். கிறுக்கலாக வந்தால் எதுவும் அழியவில்லை. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொள்கிறது. அவற்றை மேற்கத்தியக் குறியாக்கமாகப் படித்தால், தலையில் சாய்கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தொன்று மூன்று குறிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பத் தெரியும். அந்தத் தாளம் தெரிந்தால் விஎஸ் கோடின் கீழ்ப்பட்டையில் குறியாக்கத்தின் பெயரைச் சொடுக்கி, யுடிஎஃப்-8 ஆகத் திறக்கச் சொல்லுங்கள். உரைத்திருத்தியில் நன்றாகத் தெரியும் கோப்பு எக்செல்லில் மட்டும் கிறுக்கினால், பிஓஎம் என்ற முன்குறியுடன் கூடிய யுடிஎஃப்-8 ஆகச் சேமித்துக் கொடுங்கள். கிறுக்கலில் அந்தத் தாளம் இல்லாமல் ஆங்கில எழுத்துகளாகவே இருந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. மாற்றிக் கருவியில் ஏற்றி ஒருங்குறி (யூனிகோட்) ஆக்குவதே வழி. அப்படி மாற்றிய பிறகு வரும் தொல்லையைத்தான் அடுத்துச் சொல்லப் போகிறேன்.

குரூப் பை செய்தால் தொண்டி இரண்டு முறை வருகிறது

இறங்குதளம் வாரியாகக் கூட்டி அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு போனபோது, கூடத்தின் மூத்த கணக்கர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, நம்ம கடற்கரையில ரெண்டு தொண்டி எப்ப வந்துச்சு?” பாம்பனும் மண்டபமும் கீழக்கரையும் ஏர்வாடியும் ஒவ்வொரு முறையே வந்திருந்தன. தொண்டி இரண்டு. மோர்ப்பண்ணை இரண்டு. தனுஷ்கோடியும் இரண்டு. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நானும் அவரும் எழுத்தெழுத்தாகப் பார்த்தோம், இல்லை.

பிரிந்தவற்றையும் பிரியாதவற்றையும் அருகருகே எழுதிப் பார்த்தால் விடை தெரியும். பிரிந்த ஊர்களிலெல்லாம் தொ, மோ, கோ என்று இருபுறமும் குறி வரும் எழுத்து ஒன்று இருக்கிறது, பிரியாதவற்றில் இல்லை. ஒருங்குறியில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது, திரையிலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஆனால் சரத்தைப் பைட்டு பைட்டாக ஒப்பிடும் வினவலுக்கு அவை இரு வேறு ஊர்கள். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். எங்கள் கூடத்தில், தட்டச்சு செய்த வரிகள் சேர்ந்த வடிவிலும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய வரிகள் பிரிந்த வடிவிலும் இருந்தன.

ஐயத்தை உறுதி செய்ய, செலக்ட் டிஸ்டிங்க்ட் ஏ4, ஏ4.லெங்த் என்று கேளுங்கள். சேர்ந்த வடிவில் தொண்டியின் நீளம் 6. பிரிந்த வடிவில் 7. எழுத்து மூன்றுதானே என்று எண்ண வேண்டாம். குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். ஆனால் 7 என்று வந்ததும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது, ஊர்ப் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்ட இடைவெளியும் அதே 7ஐத் தரும். எனவே முதலில் டிரிம், பிறகு நார்மலைஸ்: ஏ4.டிரிம்().நார்மலைஸ்(). நார்மலைஸ் அடைப்புக்குள் எதுவும் தராமல் விட்டால் சேர்ந்த வடிவத்துக்கே கொண்டுவரும். இந்தக் கோவையைக் குரூப் பை பகுதியில் மட்டும் எழுதிவிட்டுச் செலக்ட் பகுதியில் வெறும் ஏ4 என்று விட்டால், ஒரு தொகுதிக்குள் மதிப்பு மாறுகிறது என்று வினவல் முறையிடும். இரண்டு இடத்திலும் அதே கோவை வேண்டும்.

இதற்குப் பிறகும் இரண்டாக நிற்கும் பெயர்களுக்கு வேறு காரணங்கள் உண்டு. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பெயரில் அகலமில்லா இணைப்பு நீக்கி என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒளிந்திருக்கலாம். டிரிம் அதைத் தொடாது. படகுகளின் பெயரில் வரும் ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், அதிகம் புழங்காத இன்னொரு சகரத்தைக் கொண்டும் எழுதலாம். தோற்றம் ஒன்றானாலும் ஒருங்குறித் தரம் இவற்றை ஒன்றென்று ஏற்காததால் நார்மலைஸும் கைவிட்டுவிடும். ராமேஸ்வரம், இராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேசுவரம் என்ற நால்வரையும் எந்தக் கருவியும் ஒன்றாக்கித் தராது. அவற்றுக்கு நான் இரண்டு நெடுவரிசை கொண்ட ஒரு சிறு சிஎஸ்வி வைத்திருக்கிறேன்: இடப்பக்கம் எழுதப்படும் வடிவம், வலப்பக்கம் எங்கள் கணக்கில் செல்லும் வடிவம். அதோடு ஜாயின் செய்தால், அதாவது இணைத்தால், போதும். புதிய எழுத்துமுறை ஒன்றைக் காணும்போதெல்லாம் ஒரு வரி சேர்கிறது.

இங்கேயே இன்னொன்று. ஊர்ப் பெயர்களை ஆர்டர் பை கொண்டு அடுக்கினால் அகரவரிசை சற்றே பிசகித் தெரியும். ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டிருப்பதாலும், புள்ளி எழுத்து உயிர்மெய்களுக்குப் பின்னால் செல்வதாலும் அப்படி வருகிறது. கணக்கு அதனால் கெடாது.

நாள் வரிசை குழம்புகிறது. மே மாதத்தில் விசைப்படகு கடலுக்குப் போயிருக்கிறது

நாளை 05-03-2024 என்று எழுதினால் அடுக்கும்போது எல்லா மாதங்களின் ஐந்தாம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். ஏ1.ஸ்ப்ளிட்("-").ரிவர்ஸ்().ஜாயின்("-") என்ற கோவை அதை 2024-03-05 ஆகத் திருப்பிவிடும். அந்த வடிவில் எழுத்து வரிசையே நாள் வரிசை. ஒற்றை இலக்கத்தில் 5-3-2024 என்று எழுதும் வழக்கம் இருந்தால், முதலில் ஒவ்வொரு பகுதியையும் பேட்ஸ்டார்ட் கொண்டு இரண்டு இலக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கடினமானது இடம் மாறிய நாள். அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினியில் எக்செல்லைத் திறந்து 05-03-2024 என்று தட்டினால் அது மே 3 என்று எடுத்துக்கொள்ளும். 17-03-2024 என்று தட்டினால் பதினேழாம் மாதம் இல்லை என்பதால் அதை நாளாகவே கருதாமல் சரமாக விட்டுவிடும். விளைவாக, 12ஆம் தேதி வரையிலான பதிவுகள் மட்டும் மாதம் மாறி, மற்றவை சரியாக நிற்கும் ஒரு கோப்பு உண்டாகிறது. கோப்பைத் தொடாமல் அனுப்பியிருந்தால் ஓர் அடையாளம் மிஞ்சும்: எக்செல் நாளாக ஏற்றுக்கொண்டவை சாய்கோட்டுடனும், ஏற்காதவை நாம் தட்டிய சிறு கோட்டுடனும் இருக்கும். யாராவது நடுவில் நெடுவரிசை முழுவதையும் ஒரே வடிவமாக்கி அழகுபடுத்தியிருந்தால் அந்த அடையாளமும் போய்விடும்.

அப்போது கடலே கைகொடுக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. நாட்டுப்படகு வரிகளை விலக்கிவிட்டு, விசைப்படகு வரிகளில் திருப்பிய நாளின் மாதமும் தேதியும் 04-15க்கும் 06-14க்கும் இடையில் விழும் வரிகளை மட்டும் கேளுங்கள். ஸ்லைஸ்(5) என்று வெட்டினால் ஆண்டு நீங்கிவிடும். விடை வெறுமையாக இருக்க வேண்டும். எங்கள் கோப்பில் மே மாதம் மூன்றாம் தேதி மட்டும் பல படகுகள் கரை வந்திருந்தன. உண்மையில் அவை மார்ச் ஐந்தாம் தேதிக்கு உரியவை. அப்படி ஒரு வரி அகப்பட்டாலும், அந்தக் கோப்பில் 12ஆம் தேதிக்கு உட்பட்ட எல்லா வரிகளையும் ஏட்டோடு ஒப்பிட வேண்டும், ஏனெனில் மார்ச்சிலிருந்து ஆகஸ்டுக்குத் தாவிய வரியைத் தடைக்காலம் காட்டிக்கொடுக்காது. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்ற ஏற்பாடு இருப்பதால், கிழமையைக் கணக்கிட்டுப் பார்ப்பது அத்தகைய சிலவற்றைப் பிடிக்கும். ஆயினும் கடல் நிலையும் வேலைநிறுத்தமும் கிழமையைக் கலைத்துவிடுவதால் அதை நான் சான்றாக அல்ல, சந்தேகமாக மட்டுமே கொள்கிறேன்.

இறாலின் கவுண்ட் டிசம்பர் மாதமாகிவிட்டது

இதுவும் எக்செல்லின் கைங்கரியமே. இறாலை 8/12, 16/20, 31/40 என்று கவுண்ட், அதாவது குறிப்பிட்ட எடைக்கு எத்தனை இறால் நிற்கும் என்ற எண்ணிக்கை, சொல்லி விலை வைப்பார்கள். நம் நாள் முறையில் அமைக்கப்பட்ட கணினியில் 8/12 மட்டும் நாளாகத் தோன்றுவதால் டிசம்பர் 8 ஆகிறது, 31/40 தப்பிக்கிறது. ஆகப் பெரிய இறாலின், அதாவது விலை கூடிய இறாலின், வரிகள் மட்டுமே கெடும். சிஎஸ்வியில் அந்தப் புலம் 08-டிச என்பது போன்ற ஆங்கிலச் சுருக்கமாக இருக்கும். வினவலில் திருத்த முயலாமல், தாளில் அந்த நெடுவரிசையைத் தட்டச்சுக்கு முன்பே டெக்ஸ்ட் வகையாக்குங்கள். வங்கிக் கணக்கு எண் நெடுவரிசைக்கும் இதே முன்னெச்சரிக்கை வேண்டும்: எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைக்காது, முன்னால் உள்ள பூச்சியங்களையும் உதிர்த்துவிடும், இழந்த இலக்கத்தை எந்த வினவலும் திருப்பித் தராது.

ஜாயின் செய்த பிறகு மொத்த எடை மாறுகிறது

படகின் உரிமையாளர் பெயரைச் சேர்ப்பதற்காக மீன்பாட்டுக் கோப்பைப் படகுப் பதிவேட்டோடு இணைக்கிறோம். வெறும் ஜாயின், பொருந்தாத வரிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும். பதிவெண்ணில் சிறு கோட்டுக்குப் பதில் சாய்கோடு இட்ட படகு கணக்கிலிருந்தே மறைந்துவிடும். அதனால் மொத்தம் குறையும். பதிவேட்டில் ஒரே எண் இரண்டு முறை இருந்தால் அந்தப் படகின் மீன்பாடு இரட்டிக்கும். அதனால் மொத்தம் கூடும். இரண்டும் ஒரே கோப்பில் நிகழ்ந்தால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, மொத்தம் ஏறக்குறையச் சரியாகவே தோன்றும். என்னை ஒரு மாதம் ஏமாற்றியது இதுதான்.

ஸ்ட்ரிக்ட் லெஃப்ட் ஜாயின் என்றொரு வகை ஆர்பிக்யூஎல்லில் இருக்கிறது. இடப்பக்கத்து ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கத்தில் சரியாக ஒரே ஒரு இணை இல்லாவிட்டால் அது வேலையை நிறுத்திப் பிழை சொல்லும். உரிமையாளர் பெயர் சேர்க்கும் வினவல்களில் இதைத் தவிர வேறெதையும் நான் இப்போது எழுதுவதில்லை. முதல் முறை ஓட்டியபோது, உரிமையாளர் மாறிய படகொன்றுக்குப் பதிவேட்டில் பழைய வரியும் புதிய வரியும் சேர்ந்தே இருந்தது தெரிந்தது. பழையதை வேறு கோப்புக்கு நகர்த்திவிட்டு மறுபடி ஓட்டினேன். அடுத்த பிழையாகச் சாய்கோடு இட்ட பதிவெண் வந்தது. அதையும் திருத்தி மூன்றாம் முறை ஓட்டியபோது, இணைப்பதற்கு முன்னும் பின்னும் எடையின் கூட்டல் ஒரே எண்ணாக நின்றது.